பொருளடக்கத்தை முதலில் எழுதுங்கள்

முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்று மதிப்பீட்டுக்கு வந்தால் நான் முதல் பக்கத்தில் தொடங்கி வரிசையாகப் படிப்பதில்லை. தலைப்பு, பொருளடக்கம், முடிவுரை, துணைநூற்பட்டியல் ஆகிய நான்கையும் முதலில் பார்த்துவிடுவேன். அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது. இந்த ஆய்வாளர் என்ன கேட்டார், எதைக் கண்டார், எதையெல்லாம் படித்துவிட்டு எழுத உட்கார்ந்தார் என்பது அதற்குள் ஓரளவு பிடிபட்டுவிடும். இயல்களுக்குள் நுழைவது அதன்பிறகுதான். எனக்குத் தெரிந்த புறத்தேர்வாளர்கள் பலரும் இப்படித்தான் படிக்கிறார்கள்.

மாணவர்களோ இந்த நான்கையும் கடைசி மாதத்துக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். பொருளடக்கத்தை டி.டி.பி. கடையில் போட்டுக் கொடுக்கிறார்கள். முடிவுரை ஒப்படைக்கும் வாரத்தில் கண் எரிய எரிய எழுதப்படுகிறது. நான்கைந்து ஆண்டு உழைப்பில் தேர்வாளர் கண்ணில் முதலில் படுவது அந்தக் கடைசி வாரத்து வேலை. நல்ல ஆய்வு மோசமான உருவத்துக்குள் மூச்சுமுட்டிக் கிடப்பதைப் பலமுறை பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி நெறியாளரைத் தவிர, அந்தப் பல்கலைக்கழகத்தில் பணியில் இல்லாத இரண்டு பேராவது ஆய்வேட்டை மதிப்பிட வேண்டும். நெறியாளர் உங்களோடு ஆண்டுக்கணக்கில் பேசியவர். நீங்கள் எழுதாமல் விட்டதையும் அவர் மனத்தில் நிரப்பிக்கொண்டு படித்துவிடுவார். அந்த இருவருக்கும் உங்களைத் தாளில் மட்டுமே தெரியும். அவர்களுக்காகத்தான் அமைப்பு. எனவே ஆய்வின் முதல் ஆண்டிலேயே ஒரு தாளில் பொருளடக்கத்தை எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். அது மாறும், மாறட்டும். மாறும்போது தேதி போட்டுப் புதிய தாளைப் பழையதன்மேல் ஒட்டுங்கள்.

தமிழகப் பல்கலைக்கழகங்களில் தமிழிலேயே எழுதப்படும் இலக்கிய ஆய்வேட்டை முன்வைத்தே இந்த இயலை எழுதுகிறேன். வரலாறு, சமூகவியல், நாட்டார் வழக்காற்றியல் மாணவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிமுறைக் கையேடு வேறுவிதமாகச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள்.

தலைப்பு

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: ‘தி. ஜானகிராமன் நாவல்களில் காவிரி – ஓர் ஆய்வு’. இப்படி ஒரு தலைப்போடு மாணவர் வருகிறார். முதலில் ‘ஓர் ஆய்வு’ என்பதை நீக்கச் சொல்வேன். ஆய்வேடு என்று அட்டையிலேயே இருக்கிறது. அந்த இரண்டு சொற்களும் எந்த வேலையும் செய்யவில்லை. மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு சொல்லும் ஆய்வேட்டுக்குள் ஏதோ ஒன்றுக்குப் பொறுப்பு ஏற்க வேண்டும்.

‘நாவல்களில்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஜானகிராமன் சிட்டியுடன் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ ஒரு பயண நூல். காவிரியைப் பற்றிய ஆய்வில் அதை விட முடியாது. நாவல்கள் என்ற எல்லைக்குள் அது வரவும் வராது. வழி இரண்டுதான். தலைப்பை ‘எழுத்துகளில்’ என்று மாற்றினால் அது முதன்மை ஆதாரம் ஆகிவிடும், ஆனால் சிறுகதைகளையும் சேர்த்துப் படித்தாக வேண்டும். ‘நாவல்களில்’ என்றே வைத்துக்கொண்டால் பயண நூல் துணைமை ஆதாரம். ஒப்பிட மட்டும் பயன்படும். எதைத் தேர்ந்தாலும் முன்னுரையில் ‘ஆய்வு எல்லை’ என்ற பகுதியில் இரண்டு வரியில் காரணம் சொல்லிவிடுங்கள். வாய்மொழித் தேர்வில் வரக்கூடிய ஒரு கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

இயல் பகுப்பு

அதே மாணவர் கொண்டுவரும் இயல் பகுப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: முதல் இயல் ஆசிரியரின் வாழ்வும் படைப்புகளும், இரண்டாவது தமிழ் நாவலின் தோற்றமும் வளர்ச்சியும், மூன்றாவது காவிரியின் வரலாறு, நான்காவது நாவல்களில் காவிரி, ஐந்தாவது மொழிநடை. இந்த ஐந்தில் தலைப்பு ஒப்புக்கொண்ட வேலையைச் செய்வது நான்காவது இயல் மட்டுமே. முதல் மூன்றும் ஏற்கெனவே நூல்களில் இருப்பவற்றின் தொகுப்பு. ஐந்தாவது எந்த எழுத்தாளரைப் பற்றிய ஆய்வேட்டிலும் ஒட்டிவிடலாம். தேர்வாளர் நூற்றைம்பது பக்கம் புரட்டிய பிறகுதான் ஆய்வுக்கு வந்து சேருகிறார்.

வாழ்க்கை வரலாறு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜானகிராமன் தஞ்சை மண்ணில் பிறந்தவர், கும்பகோணத்தில் படித்தவர், பிறகு வானொலிப் பணிக்காகச் சென்னையிலும் தில்லியிலும் வாழ்ந்தவர். ஆற்றங்கரையை விட்டுப் போனவர் ஆற்றை எழுதினார் என்பது உங்கள் வாதத்துக்கு வேண்டிய செய்தி. முன்னுரையில் அரைப்பக்கத்தில் அதைச் சொல்லிவிட முடியும். வாதத்தைத் தொடாத செய்தி எவ்வளவு சுவையாக இருந்தாலும் உள்ளே வரக்கூடாது.

நான்காவது இயலை உடைத்து முழு ஆய்வேடாக்குங்கள். படித்துறையில் நிகழும் உரையாடல்கள் ஓர் இயல்: வீட்டுக்குள் பேச முடியாத எவை ஆற்றங்கரையில் பேசப்படுகின்றன? ஆற்றை விட்டுப் போதல் இன்னோர் இயல். ‘மோகமுள்’ளின் பாபு கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் போகிறான். ‘அம்மா வந்தாள்’ நாவலில் அப்பு காவிரிக்கரை வேதபாடசாலையில் இருக்கிறான், அம்மா சென்னையில் இருக்கிறாள். இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்தாலே ஓர் இயலுக்கான கேள்வி எழுந்துவிடுகிறது. சடங்கும் நீரும் மூன்றாவது. நாவலின் காவிரியும் பயண நூலின் காவேரியும் நான்காவது. இப்போது பொருளடக்கத்தைப் படிப்பவருக்கு ஒரு வாதம் நகர்வது தெரியும். இயல்கள் எல்லாம் சம நீளத்தில் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சரக்கு உள்ள இடத்தில் அறுபது பக்கம் போகட்டும், இல்லாத இடத்தில் இருபத்தைந்தோடு நிறுத்துங்கள்.

ஒவ்வோர் இயலின் முடிவிலும் ‘தொகுப்புரை’ எழுதுவது நம் துறைகளில் வழக்கம். அது இருக்கட்டும். ஆனால் ஐந்து தொகுப்புரைகளையும் வெட்டி ஒட்டி முடிவுரை ஆக்குவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். தொகுப்புரை அந்த இயலில் நிறுவியதைச் சொல்கிறது. முடிவுரை இயல்களை ஒன்றோடொன்று பேசவைக்க வேண்டும்: முதல் இயலில் கண்டதை மூன்றாம் இயல் உறுதிப்படுத்தியதா, மறுத்ததா? கருதுகோள் எங்கே நின்றது, எங்கே சறுக்கியது? சறுக்கிய இடத்தை மறைக்காமல் எழுதிய ஆய்வேட்டின்மீது எனக்கு மதிப்பு கூடத்தான் செய்திருக்கிறது.

முன்னுரை

ஆய்வு நோக்கம், கருதுகோள், ஆய்வு எல்லை, ஆதாரங்கள், அணுகுமுறை, முன்னாய்வுகள், இயல் பகுப்பு ஆகிய உட்தலைப்புகள் எல்லாரும் அறிந்தவையே. இவற்றில் இரண்டு இடங்களில்தான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

ஒன்று கருதுகோள். ‘ஜானகிராமன் நாவல்களில் காவிரி முக்கிய இடம் பெறுகிறது என்பது இவ்வாய்வின் கருதுகோள்’ என்று எழுதினால் அதை மறுக்க உலகத்தில் ஆள் கிடைக்காது. மறுக்க முடியாததை நிறுவ ஆய்வு எதற்கு? ‘சென்னைக்குப் பெயர்ந்த பாத்திரங்கள் ஆற்றை நினைக்கும் இடங்கள் அவர்களின் குற்றவுணர்வை ஒட்டியே வருகின்றன’ என்று எழுதிப் பாருங்கள். இது தவறாகவும் இருக்கலாம். நாவல்களைத் திரும்ப எடுத்து, அப்படிப்பட்ட இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்து, எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். அந்த வேலைதான் ஆய்வு.

மற்றொன்று முன்னாய்வு. ஆண்டு வாரியாகப் பத்து ஆய்வேடுகளின் தலைப்புகளை அடுக்கி, ‘இவை இவ்வாய்வுக்குத் துணைசெய்தன’ என்று முடிப்பது முன்னாய்வு ஆகாது. எந்தக் கேள்வியை யார் எதுவரை கொண்டுபோனார்கள் என்று குழுவாகப் பிரித்து எழுதுங்கள். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நிறுவனம் நடத்தும் சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் தமிழ் ஆய்வேடுகள் இயல் வாரியாகக் கிடைக்கின்றன. பதிவு செய்வதற்கு முன்பே அங்கே தேடிவிடுங்கள்.

மேற்கோளும் அடிக்குறிப்பும்

சங்கப் பாடலுக்குப் பக்க எண் கொடுக்காதீர்கள். ‘குறுந். 40: 3-4’ என்று பாடல் எண்ணும் அடி எண்ணும் கொடுத்தால் எந்தப் பதிப்பு வைத்திருப்பவரும் கண்டுபிடித்துவிடுவார். திருக்குறளுக்குக் குறள் எண், சிலப்பதிகாரத்துக்குக் காதையும் அடியும், தொல்காப்பியத்துக்கு அதிகாரம், இயல், நூற்பா. ஆனால் எந்தப் பதிப்பின் பாடத்தைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை முன்னுரையில் ஒருமுறை சொல்லிவிட வேண்டும். குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கன் 1915இல் பதிப்பித்தார், உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்தார். பாடம் மாறும் இடங்களில் உங்கள் வாதம் ஒரே சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தால், எந்தப் பாடம் என்பதை அடிக்குறிப்பில் காட்டியே ஆகவேண்டும்.

நாவலுக்கு நேர்மாறு. அங்கே பக்க எண்தான் வழி, அது பதிப்புக்குப் பதிப்பு மாறும். ‘மோகமுள்’ளின் ஐந்திணைப் பதிப்பிலிருந்து பாதி மேற்கோளையும் காலச்சுவடு பதிப்பிலிருந்து மீதியையும் எடுத்திருந்தால், சரிபார்க்க உட்காரும் தேர்வாளருக்கு எதுவும் ஒத்துவராது. எல்லா மேற்கோளுக்கும் ஒரே பதிப்பு என்று முதல் நாளே முடிவு செய்து அந்தப் புத்தகத்தை விலைக்கு வாங்கிவிடுங்கள். நூலகப் படி உரிய நேரத்தில் கையில் இருக்காது.

‘மேலது’ என்ற சொல்லைப் பற்றி எச்சரிக்க வேண்டும். முந்தைய அடிக்குறிப்பின் நூலையே மீண்டும் சுட்ட ‘மேலது, ப. 112’ என்று போடுகிறோம். வரைவைத் திருத்தும்போது இடையில் ஒரு பத்தியும் அதற்கோர் அடிக்குறிப்பும் புதிதாகச் சேர்க்கிறீர்கள். அவ்வளவுதான், அதுவரை சரியாக இருந்த ‘மேலது’ இப்போது வேறு புத்தகத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கும். பிழைதிருத்துபவருக்கும் அது தெரியாது, ஏனென்றால் அந்தச் சொல்லில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ‘மு.கு.நூ.’ என்பதும் இதே ஆபத்து கொண்டது. ஆகவே வரைவு முழுவதும் ‘ஜானகிராமன், மோகமுள், ப. 112’ என்று குறுவடிவிலேயே எழுதுங்கள். ‘மேலது’ கட்டாயம் என்று விதி இருந்தால் கடைசித் திருத்தம் முடிந்த பிறகு ஒரே மூச்சில் மாற்றிக்கொள்ளலாம்.

துணைநூற்பட்டியல்

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்து உண்டு. ‘வரதராசன், மு.’, ‘சாமிநாதையர், உ.வே.’ என்று இயற்பெயரை முன்வைத்து அகர வரிசையில் அடுக்குகிறோம். எம்.எல்.ஏ., ஏ.பி.ஏ. போன்ற மேலைநாட்டு நடையேடுகள் குடும்பப் பெயரை முன்வைத்து எழுந்தவை. ஜோட்டெரோ போன்ற மென்பொருளில் விவரங்களை ஏற்றும்போது, அது பெயரின் கடைசிப் பகுதியைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். சுந்தர ராமசாமி ‘ராமசாமி, சுந்தர’ ஆகிவிடுவார். நானாக இருந்தால் அவரைச் ‘சுந்தர ராமசாமி’ என்று முழுப்பெயரிலேயே ‘சு’ வரிசையில் வைப்பேன். வாசகர் அங்கேதான் தேடுவார். ஜோட்டெரோவில் பெயரை ஒரே கட்டத்தில் இடும் வசதி இருக்கிறது, இப்படிப்பட்ட பெயர்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள். ராஜநாராயணனா இராசநாராயணனா என்ற குழப்பம் வந்தால், நூலின் தலைப்புப் பக்கத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். நூற்பெயரும் அவ்வாறே: உங்கள் உரைநடையில் ‘காவிரி’ என்று எழுதினாலும் பயண நூலின் பெயர் ‘நடந்தாய் வாழி காவேரி’ என்றே இருக்க வேண்டும்.

அகர வரிசையைக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். யூனிகோடு அட்டவணையில் ‘ற’ ‘ர’வுக்கு அடுத்தும், ‘ன’ ‘ந’வுக்கு அடுத்தும் உட்கார்ந்திருக்கின்றன. அந்த எண் வரிசைப்படி மட்டும் அடுக்கும் மென்பொருளில் இறையனார் இளங்கோவுக்கு முன்னால் வந்துவிடுவார். நம் நெடுங்கணக்கில் ளகரம் முன், றகரம் பின். தமிழ்த் துறைப் பேராசிரியர் ஒருவர் கையில் போகும் ஏட்டில் நெடுங்கணக்கு தவறியிருந்தால் அது சின்னப் பிழையாகத் தோன்றாது.

கணினியில்

ஒரு மாணவியின் அனுபவத்தைச் சொல்கிறேன். நான்கு இயல்களை ஒரு கடையில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வாங்கியிருந்தார். ஐந்தாவதைத் தாமே யூனிகோடில் அடித்தார். இரண்டையும் சேர்க்க எழுத்துருமாற்றியில் போட்டபோது கொம்பும் காலும் பிரிந்து, பல இடங்களில் சொற்கள் சிதைந்துவிட்டன. அச்சில் முந்நூறு பக்கத்துக்கு மேல். இருவருமாக உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தினோம், ஒன்றரை மாதம் ஆயிற்று. ஒப்படைக்கும் தேதி தள்ளிப்போனது. முதல் குறிப்பிலிருந்தே யூனிகோடில் அடியுங்கள். தமிழ்99 விசைப்பலகை பழக இரண்டு வாரம் போதும், அந்த இரண்டு வாரம் பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

யூனிகோடிலும் ஒரு பொறி உண்டு. ‘கௌரவம்’ என்ற சொல்லை ஒருமுறை ‘கௌ’ என்றும், மறுமுறை ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ சேர்த்தும் அடித்துவிடுகிறோம். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள்: தேடினால் பாதி கிடைக்காது, வரிசையிலும் இடம் மாறும். ‘கெள’, ‘மெள’, ‘பெள’ ஆகியவற்றைத் தனித்தனியே தேடிப் பார்த்துத் திருத்துங்கள். மொத்தமாக மாற்றக் கட்டளை கொடுத்துவிடாதீர்கள். ‘மெள்ள’, ‘கெளுத்தி’ போன்ற சரியான சொற்களும் சேர்ந்து கெட்டுவிடும்.

வேர்டில் தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்குவதோடு நிறுத்தாமல், இயல் தலைப்புக்கு ‘ஹெடிங் 1’, உட்தலைப்புக்கு ‘ஹெடிங் 2’ என்ற பாணிகளைக் கொடுங்கள். பொருளடக்கமும் பக்க எண்ணும் தாமாக உருவாகும். கடைசி நாளில் ஒரு பக்கம் கூடினாலும் ஒரே சொடுக்கில் புதுப்பித்துக்கொள்ளலாம். தலைப்புப் பக்கம், சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை ஆகியவற்றுக்கு ரோமன் எண்ணும் முன்னுரையிலிருந்து 1, 2, 3 என்றும் வர, இடையில் ‘செக்‌ஷன் பிரேக்’ போட வேண்டும்.

பக்க அமைப்பில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏ4 தாள். இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விடுங்கள், பைண்டிங் அரை அங்குலத்தை விழுங்கிவிடும். மற்ற மூன்று பக்கமும் ஓர் அங்குலம். எழுத்தளவு 12 என்று கையேடு சொன்னால் எந்த எழுத்துருவில் என்று கேளுங்கள், ஏனென்றால் அதே 12இல் லதா பெரிதாகவும் விஜயா சிறிதாகவும் தெரியும். லதாவில் ஒன்றரை வரி இடைவெளி வைத்தால் பக்கம் வெறிச்சோடிப் போகும். ஒரு பக்கத்தை அச்செடுத்துத் துறைத்தலைவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுவதே நல்லது.

ஒப்படைக்கும் முன்

கருத்துத் திருட்டைத் தடுக்கும் மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமையைச் சிறிய அளவாகக் கொண்டு தண்டிப்பதில்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தி ஒப்படைக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு ஒப்படைக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆதாரம் காட்டிய மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முகவுரை, நன்றியுரை ஆகியவை கணக்கில் சேராது. அதனால்தான் மேற்கோள் குறியும் உள்தள்ளலும் இவ்வளவு முக்கியமாகின்றன: செய்யுள் அடிகளை உரைநடையோடு கலந்து குறியில்லாமல் எழுதினால், அது மேற்கோள் என்று மென்பொருளுக்குத் தெரிய வழியில்லை. முழு ஏட்டையும் கடைசியில் சோதிக்காமல் இயல் முடிய முடியச் சோதித்துக்கொள்ளுங்கள்.

சோத்கங்காவுக்கு ஒவ்வோர் இயலும் தனித்தனி பிடிஎஃப் கோப்பாகப் போக வேண்டும். எழுத்துரு கோப்புக்குள் பொதிந்திருக்கிறதா என்று வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பிடிஎஃபில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிப் பார்ப்பதும் நல்லது. பத்தாண்டு கழித்து உங்கள் ஆய்வைத் தேடி வரும் ஒரு மாணவருக்கு அது கிடைக்குமா கிடைக்காதா என்பது இந்த ஒரு நிமிட வேலையில் இருக்கிறது.

அச்சுக்கு முன் கடைசியாக ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நீங்கள் மூலநூலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், நண்பர் ஆய்வேட்டிலிருந்து மேற்கோள்களை மட்டும் உரக்கப் படிக்கட்டும். இருநூறு மேற்கோள் இருந்தால் இரண்டு நாள் ஆகும். விடுபட்ட ஓர் ‘உம்’, மாறிப்போன ஓர் அடி எண் எல்லாம் அப்போதுதான் காதில் சிக்கும். பைண்டரிடம் கொடுப்பதற்கு முன் எல்லாப் படிகளையும் ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள். ஜெராக்ஸ் எந்திரம் இரண்டு தாளைச் சேர்த்து இழுத்து ஒரு பக்கத்தை விழுங்கியிருக்கும், அது ஒரே ஒரு படியில் மட்டும் நிகழ்ந்திருக்கும். தேர்வாளருக்குப் போய்ச் சேருவது அந்தப் படியாகவும் இருந்துவிடலாம்.